வெற்றிடத்தின் எடை: ஈர்ப்பு விதியைத் திருத்தினால் இருண்ட பொருள் தேவைப்படாதா?

சேலத்தில் முதுகலை இயற்பியல் படிக்கும் ஒரு தம்பி இப்படிக் கேட்டிருக்கிறார்: “ஐயா, இருண்ட பொருளைப் பல ஆண்டுகளாகத் தேடுகிறார்கள், ஒரு துகள்கூடக் கையில் சிக்கவில்லை. அப்படியானால் ஈர்ப்பு விதியே தவறாக இருக்கலாம் அல்லவா? குவாண்டம் வெற்றிடம் வெறுமையானது அல்ல என்றும் படிக்கிறோம். அந்த வெற்றிடமே விண்மீன் திரள்களில் கூடுதல் ஈர்ப்பைத் தருகிறது என்று வைத்துக்கொண்டால், இருண்ட பொருள், இருண்ட ஆற்றல் ஆகிய இரண்டு புதிர்களும் ஒன்றாகத் தீர்ந்துவிடாதா?”

இருண்ட பொருள் என்பது ஒளி தராமல் ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டும் காணாத நிறை; இருண்ட ஆற்றல் என்பது அண்டத்தின் விரிவை முடுக்குவதாகக் கருதப்படுவது. விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈர்ப்பு விதியைச் சந்தேகிப்பது முறையான அறிவியல்தான். அதில் தவறு ஒன்றும் இல்லை. வெற்றிடத்தின் ஆற்றல் ஈர்ப்பை எப்படிப் பாதிக்கிறது என்பதும் இன்றுவரை தீராத உண்மையான சிக்கல். ஆனால் இந்த இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, ஒரே கருத்தால் இரு புதிர்களையும் அவிழ்த்துவிட்டதாகச் சொல்லும் முயற்சிகள் இதுவரை அளவீட்டின் முன் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்பதை, என் மாணவர்களுடன் ஏற்காட்டில் செய்த ஒரு சோதனையிலிருந்து தொடங்கி விளக்குகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், சேலத்திலும் ஏற்காட்டிலும் ஒரே தனி ஊசலை ஆடவிட்டு, ஈர்ப்பு முடுக்கம் உயரத்தோடு குறைவதைக் காட்ட நினைத்தோம். ஊருக்கும் மலைக்கும் இடையே உயர வேறுபாடு ஏறத்தாழ 1,230 மீட்டர். உயரத்தால் குறையும் ஈர்ப்பை, காலடியில் கிடக்கும் சேர்வராயன் மலைப்பாறையின் சொந்த ஈர்ப்பு ஓரளவு ஈடுசெய்துவிடும். இரண்டையும் கணக்கில் எடுத்தால், சேலத்தில் சரியாக ஓடும் ஊசல் கடிகாரம் ஏற்காட்டில் நாளொன்றுக்குப் பத்து முதல் பதினேழு விநாடி வரை பிந்த வேண்டும். ஒரு மீட்டர் நீள ஊசலுக்கு ஆயிரம் அலைவுகளில் கிடைக்கும் வேறுபாடு அரை விநாடிக்கும் குறைவு. எங்களுக்குக் கிடைத்ததோ ஒரு விநாடிக்கும் மேல். மாணவர்கள் உடனே விளக்கங்களைத் தேடினார்கள். நாங்கள் பயன்படுத்திய சூத்திரமே போதாது என்றார் ஒருவர். இந்த மலையில் நெடுங்காலமாகப் பாக்சைட் வெட்டி எடுத்திருக்கிறார்கள், மலையின் நிறை குறைந்ததால்தான் ஈர்ப்பும் குறைந்துவிட்டது என்றார் இன்னொருவர். அதாவது, ஒருவர் விதியைத் திருத்தினார். மற்றவர் கண்ணுக்குத் தெரியாத நிறைக் கணக்கைத் திருத்தினார். உண்மையான காரணம் ஊசலைத் தாங்கிய நைலான் நூலில் இருந்தது. அன்று காலை அறைக்குள்ளேயே மூடுபனி புகுந்திருந்தது. ஈரத்தை உறிஞ்சிய நூல் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நீண்டிருந்தது. ஒரு மீட்டர் ஊசலில் கால் மில்லிமீட்டர் நீளம் கூடினாலே போதும். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையிலான ஈர்ப்பு வேறுபாட்டைப் போன்ற ஒன்றை அது காட்டிவிடும். அடுத்த முறை மெல்லிய எஃகுக் கம்பிக்கு மாறினோம். அதுவும் மலைக் குளிரில் சுருங்கியது. ஆனால் எஃகு எவ்வளவு சுருங்கும் என்பதைக் கணக்கிட முடியும்.

விண்வெளியிலும் இதே மூன்று வாய்ப்புகள்தான் நம் முன் நிற்கின்றன: விதி வேறாக இருக்கலாம், காணாத நிறை இருக்கலாம், அல்லது அளக்கும் முறையில் நாம் கவனிக்காத ஒன்று நுழைந்திருக்கலாம். எது சரி என்பதை முன்கூட்டியே சொல்ல முடியாது என்பதற்கு வரலாற்றில் மிகத் தெளிவான ஓர் இணை உண்டு. யுரேனஸ் கோள் நியூட்டனின் கணக்கிலிருந்து சற்று விலகி நகர்ந்தபோது, காணாத கோள் ஒன்று அதை இழுக்கிறது என்று லெவெரியே கணக்கிட்டார். 1846-இல் பெர்லினில் தொலைநோக்கியைத் திருப்பியதும், அவர் சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் தென்பட்டது. அதே லெவெரியே, புதன் கோளின் பாதை நூற்றாண்டுக்குச் சில பத்து வில்விநாடிகள் (ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு ஒரு வில்விநாடி) கூடுதலாகச் சுழல்வதைக் கண்டு, சூரியனுக்கு அருகில் இன்னொரு காணாத கோள் இருக்க வேண்டும் என்றார். வல்கன் என்று பெயர்கூட வைத்தார்கள். அது கிடைக்கவே இல்லை. அங்கே தவறு விதியில் இருந்தது. 1915-இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் அந்த 43 வில்விநாடிகளையும் எந்தப் புதுக் கோளும் இல்லாமல் தந்தது. முதல் முறை காணாத நிறை வென்றது, இரண்டாம் முறை புதிய விதி வென்றது. கணக்கிட்டவர் ஒருவரே, முறையும் ஒன்றே.

இனி விண்மீன் திரள்களுக்கு வருவோம். 1933-இல் ஃபிரிட்ஸ் சுவிக்கி, பல விண்மீன் திரள்கள் சேர்ந்த கோமா திரள்கொத்தை ஆராய்ந்து, அதிலுள்ள திரள்கள் ஓடும் வேகத்துக்கு ஒளிரும் நிறை போதாது என்றார். 1970-இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமீடா திரளின் சுழற்சியை அளந்து, விளிம்பை நோக்கிப் போகப் போக வேகம் குறையாமல் ஏறத்தாழ அப்படியே நீடிப்பதைக் காட்டினார்கள். சூரியனைச் சுற்றும் கோள்களில் தொலைவு கூடக் கூட வேகம் குறைகிறது. விண்மீன் திரளிலோ அப்படிக் குறையவில்லை. பெரும்பாலோர் இதைக் காணாத நிறையின் அடையாளமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

1983-இல் மொர்தெகாய் மில்க்ரோம் வேறு திசையில் சிந்தித்தார். முடுக்கம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் நியூட்டனின் விதியே மாறுகிறது என்பது அவர் கருத்து; அதை மாண்ட் (MOND, திருத்திய நியூட்டன் இயக்கவியல்) என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். அந்த எல்லை ஏறத்தாழ 1.2 × 10⁻¹⁰ மீட்டர்/விநாடி². இது எவ்வளவு சிறியது என்று உணர ஒரு கணக்கு போடலாம்: ஓய்வில் இருக்கும் ஒரு பொருளை இந்த முடுக்கத்தில் ஓராண்டு முழுவதும் தள்ளினாலும் அதன் வேகம் விநாடிக்கு 4 மில்லிமீட்டரை எட்டாது. ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் இடையிலான ஈர்ப்பு வேறுபாடுகூட இதைவிடக் கோடி மடங்குக்கும் பெரியது. ஆனால் பால்வழியின் மையத்தைச் சுற்றி வரும் நம் சூரியனின் முடுக்கம் இந்த எல்லைக்கு மிக அருகில், ஏறத்தாழ 2 × 10⁻¹⁰ என்ற அளவில், இருக்கிறது. ஆகவே இந்தக் கருத்தைப் பூமியில் எளிதாகச் சோதித்துவிட முடியாது. விண்மீன் திரள்களில்தான் அது முழுமையாக வெளிப்பட வேண்டும்.

இங்கே நான் நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இருண்ட பொருளை ஏற்பவர்களில் பலர் மாண்ட் கருத்தை அலட்சியமாகத் தள்ளிவிடுகிறார்கள், அது சரியல்ல. திரளின் தட்டையான சுழற்சி வேகத்தின் நான்காம் அடுக்கு, அதிலுள்ள விண்மீன்களும் வாயுவும் சேர்ந்த நிறைக்கு நேர்விகிதத்தில் இருக்க வேண்டும் என்று அது முன்னரே சொன்னது. பின்னாளில் வாயு மிகுந்த, ஒளி மங்கிய சிறு திரள்களை அளந்தபோதும் இந்த உறவு வியக்கத்தக்க துல்லியத்தில் பொருந்தியது. ஒவ்வொரு திரளைச் சூழ்ந்தும் இருண்ட பொருள் தனித்தனியே பரவிக் கிடக்கிறது என்றால், காணும் நிறைக்கும் வேகத்துக்கும் இடையே இத்தனை இறுக்கமான பிணைப்பு ஏன் வர வேண்டும்? இதற்கு விடை தேடும் பொறுப்பு இருண்ட பொருளின் பக்கம் நிற்பவர்களுக்கு உண்டு. இன்னொன்றும் உண்டு. ஒளியின் வேகத்தை அண்டம் விரியும் வீதத்தால் பெருக்கி, 2π-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட அதே எல்லை முடுக்கம் கிடைக்கிறது. திரளின் சுழற்சியும் அண்டத்தின் விரிவும் எங்கோ தொடர்புடையவை என்ற எண்ணத்தைத் தூண்டியது இந்தப் பொருத்தம்தான்; உங்கள் கேள்வியின் வேரும் இங்கேதான் இருக்கிறது.

ஆனால் திரளை விட்டுத் திரள்கொத்துக்குப் போனால் நிலைமை மாறிவிடுகிறது. அங்கே விதியைத் திருத்திய பிறகும், தேவையான நிறையில் ஏறத்தாழப் பாதி காணாமலே இருக்கிறது. 2006-இல் வெளியான புல்லட் திரள்கொத்தின் ஆய்வு இன்னும் கடுமையான சான்று. அங்கே இரண்டு கொத்துகள் மோதி ஒன்றையொன்று ஊடுருவிச் சென்றிருக்கின்றன. சாதாரணப் பொருளின் பெரும்பகுதியான வெப்ப வாயு மோதலில் உரசி நடுவிலேயே பின்தங்கிவிட்டது. விண்மீன் திரள்கள் தடையின்றிக் கடந்து போய்விட்டன. பின்னணியிலிருந்து வரும் ஒளி எங்கே வளைகிறது என்று பார்த்தால், ஈர்ப்பின் மையம் வாயுவோடு இல்லை, கடந்துபோன திரள்களோடு நிற்கிறது. காணும் பொருளிலிருந்துதான் ஈர்ப்பு எல்லாம் வருகிறது என்றால், அது வாயு இருக்கும் இடத்தை விட்டு ஏன் விலக வேண்டும்? தொடக்ககால அண்டத்திலிருந்து இன்றும் எங்கும் பரவியிருக்கும் கதிர்வீச்சான அண்ட நுண்ணலைப் பின்னணியின் ஏற்ற இறக்கங்களும் இதே திசையைக் காட்டுகின்றன. அவற்றிலிருந்து பிளாங்க் விண்கலம் தந்த கணக்கில் சாதாரணப் பொருள் 5 விழுக்காடு, இருண்ட பொருள் 26 அல்லது 27 விழுக்காடு; மீதி இருண்ட ஆற்றல்.

மாண்ட் கருத்தைச் சார்பியலோடு பொருத்த 2004-இல் ஜேக்கப் பெக்கன்ஸ்டைன் ஒரு முழுக் கோட்பாட்டை எழுதினார். அதையும் அதன் உறவினர்கள் பலவற்றையும் ஒரே நாள் முடித்துவைத்தது. 2017 ஆகஸ்ட் 17 அன்று, இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதில் எழுந்த ஈர்ப்பு அலையும் காமா கதிரும், ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகள் பயணம் செய்த பிறகு, 1.7 விநாடி இடைவெளியில் பூமியை அடைந்தன. ஈர்ப்பு அலையும் ஒளியும் வெவ்வேறு வேகத்தில் செல்லும் என்று சொன்ன கோட்பாடுகளுக்கு அதன்பின் இடமில்லை. 2021-இல் ஸ்கோர்டிஸ், ஸ்லோஸ்னிக் இருவரும் இந்தச் சோதனையையும் நுண்ணலைப் பின்னணியையும் தாண்டும் ஒரு வடிவத்தைக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அதற்காக அவர்கள் சேர்த்த புலங்களில் ஒரு பகுதி, தொடக்ககால அண்டத்தில் இருண்ட பொருளைப் போலவே நடந்துகொள்கிறது. விதியைத் திருத்துவதற்கும் புதிய பொருளைச் சேர்ப்பதற்கும் இடையிலான எல்லைக்கோடு அங்கே மங்கிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள்.

இப்போது வெற்றிடம். மின்காந்தப் புலத்தின் ஒவ்வோர் அதிர்வுக்கும், எல்லாவற்றையும் அகற்றிய பிறகும், எஞ்சி நிற்கும் ஒரு சுழிநிலை ஆற்றல் உண்டு. 1948-இல் ஹென்ட்ரிக் காசிமிர், மின்னூட்டம் இல்லாத இரண்டு உலோகத் தகடுகளை மிக அருகில் வைத்தால் அவை ஒன்றையொன்று இழுக்கும் என்று கணக்கிட்டார். 1997-இல் ஸ்டீவ் லாமோரோ அதைத் துல்லியமாக அளந்தார். ஒரு மைக்ரோமீட்டர் இடைவெளியில் அந்த அழுத்தம் ஒரு பாஸ்கலில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். பலரும் இதை வெற்றிட ஆற்றலுக்கான நேரடிச் சான்றாக எழுதுகிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். தகடுகளிலுள்ள மின்னூட்டங்களுக்கு இடையிலான விசையாகவும் அதே முடிவைப் பெறலாம். தவிர, காசிமிர் சோதனை அளப்பது ஆற்றலின் வேறுபாட்டை மட்டுமே. ஈர்ப்புக்கோ வேறுபாடு போதாது; மொத்த ஆற்றலும் கணக்கில் வரும்.

சிக்கல் அந்த மொத்தத்தில்தான் பிறக்கிறது. 1920-களிலேயே வொல்ஃப்கேங் பௌலி, சுழிநிலை ஆற்றலை எலக்ட்ரானின் ஆரம் என்ற எல்லையோடு நிறுத்திக் கணக்கிட்டு, அப்படியானால் அண்டம் நிலாவரைகூட எட்டாது என்று சொன்னதாகச் சொல்வார்கள். பின்னர் அந்தக் கணக்கை மீண்டும் போட்டுப் பார்த்தவர்களுக்குக் கிடைத்த அண்டத்தின் ஆரம் ஏறத்தாழ 31 கிலோமீட்டர். சேலம் பேருந்து நிலையத்தில் ஏறி, அடிவாரம் கடந்து, இருபது கொண்டைஊசி வளைவுகளும் முடிந்து ஏற்காடு ஏரிக்கரையில் இறங்கும் தூரம் அவ்வளவுதான்! ஈர்ப்பிலும் குவாண்டம் விளைவுகள் தலைகாட்டும் மிக நுண்ணிய நீளம்வரை கூட்டினால், கிடைக்கும் ஆற்றல் அடர்த்தி வானில் அளந்ததைவிட 1-க்குப் பின் ஏறத்தாழ 120 சுழியங்கள் போட்ட அளவுக்கு மிஞ்சிப் போய்விடும். 1998-இல் தொலைதூர மீயொளிர் விண்மீன்களை (வெடித்துச் சிதறும் விண்மீன்கள்) அளந்த இரு குழுக்கள், அண்டத்தின் விரிவு முடுக்கம் பெறுகிறது என்று கண்டார்களே, அதற்குத் தேவையான அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 6 × 10⁻²⁷ கிலோகிராம்தான். பூமி அளவுள்ள ஓர் இடத்தை வெறுமையாக்கி, அதிலுள்ள இருண்ட ஆற்றலை நிறையாக மாற்றி எடைபோட்டால் ஆறு மில்லிகிராம் வரும். ஓர் அரிசியில் மூன்றில் ஒரு பங்கு.

உங்கள் கேள்விக்கான மைய விடை இங்கே இருக்கிறது. வெற்றிட ஆற்றலுக்கு அடர்த்தியோடு, அதே அளவிலான எதிர்மறை அழுத்தமும் உண்டு. பொதுச் சார்பியலில் அழுத்தமும் ஈர்ப்பை உண்டாக்கும் என்பதால், நிகர விளைவு விலக்குவதாக அமைகிறது. மேலும் வெற்றிடம் எங்கும் ஒரே சீராக இருக்கிறது, ஓரிடத்தில் குவிவதில்லை. திரள்களின் விளிம்பில் நமக்குத் தேவை இழுக்கும் ஈர்ப்பு, அதுவும் திரளைச் சுற்றிக் குவிந்த ஈர்ப்பு. ஆகவே சாதாரண வெற்றிட ஆற்றல் இருண்ட ஆற்றலின் வேலையைச் செய்யலாம். இருண்ட பொருளின் வேலையைச் செய்ய முடியாது.

இதைத் தாண்ட ஒரு கூர்மையான யோசனை உண்டு; நீங்கள் படித்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். டிராகன் ஹய்டுகோவிச் என்ற இயற்பியலாளர் முன்வைத்தது: வெற்றிடத்தில் தோன்றி மறையும் துகள்–எதிர்த்துகள் (அதே நிறையும் எதிர் மின்னூட்டமும் உள்ள துகள்) இணைகளில், எதிர்த்துகளின் ஈர்ப்பு நேர்மாறாக இருந்தால், ஒவ்வோர் இணையும் ஓர் ஈர்ப்பு இருமுனை ஆகும். மின்புலத்தில் வைத்த மின்காப்புப் பொருள் முனைவாக்கம் அடைவதுபோல (அதாவது அதன் இருமுனைகள் ஒரே திசையில் வரிசைப்படுவதுபோல), விண்மீன் திரளைச் சுற்றிய வெற்றிடமும் முனைவாக்கம் அடையும். மின்னியலில் எதிரெதிர் மின்னூட்டங்கள் ஈர்ப்பதால் முனைவாக்கம் புலத்தைக் குறைக்கிறது. ஈர்ப்பிலோ ஒத்தவை ஈர்ப்பதால் முனைவாக்கம் புலத்தைக் கூட்டும். இருண்ட பொருள் இல்லாமலே கூடுதல் ஈர்ப்பு கிடைத்துவிடும். இந்தத் தர்க்கம் அழகானது. முதல் முறை படித்தபோது இரவு நெடுநேரம் விழித்திருந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஆனால் அதன் அடித்தளம் ஒரே ஒரு கூற்றில் நிற்கிறது: எதிர்ப்பொருள் மேல்நோக்கி விழ வேண்டும். 1950-களின் இறுதியிலேயே லியனார்ட் ஷிஃப் இதை எதிர்த்து வாதிட்டார். அணுக்களுக்குள் கணநேரம் தோன்றி மறையும் மெய்நிகர் எதிர்த்துகள்களின் பங்கு தனிமத்துக்குத் தனிமம் மாறுவதால், அவை எதிராக ஈர்க்கப்பட்டால் வெவ்வேறு தனிமங்கள் வெவ்வேறு முடுக்கத்தில் விழுவதை ஏற்கனவே கண்டிருப்போம் என்றார். நேரடி விடை 2023-இல் வந்தது. ஜெனீவாவுக்கு அருகில் செர்ன் ஆய்வகத்தின் ஆல்ஃபா-ஜி கருவியில், எதிர் ஹைட்ரஜன் அணுக்களைச் செங்குத்தான காந்தப் பொறியில் அடைத்து, மேலும் கீழும் உள்ள காந்தத் தடைகளை மெல்லத் தளர்த்தினார்கள். பெரும்பாலான அணுக்கள் கீழ்வழியாகவே வெளியேறின. அளந்த முடுக்கம் சாதாரண ஈர்ப்பு முடுக்கத்தின் 0.75 மடங்கு, பிழை எல்லைக்குள் 1-உடன் ஒத்துப்போகிறது. மேல்நோக்கி விழுவது என்பது முற்றாக விலக்கப்பட்டுவிட்டது. எதிர்ப்புரோட்டானின் நிறையில் பெரும்பகுதி குவார்க்குகளைப் பிணைக்கும் ஆற்றல்தானே, ஆகவே இந்தச் சோதனை முழுமையல்ல என்று வாதிட இடமிருக்கிறது. ஆயினும் சோதனைக்குப் பின் அந்தக் கருத்தின் மீது என் நம்பிக்கை பெரிதும் குறைந்துவிட்டது.

வெற்றிடத்தின் 120 சுழியங்கள் மட்டும் அப்படியே நிற்கின்றன. இதைப் பற்றி ஆழமாகச் சிந்தித்தவர்களில் ஒருவர், திருவனந்தபுரத்தில் பிறந்து புனேயில் பணியாற்றி 2021-இல் மறைந்த தாணு பத்மநாபன். இயற்பியலின் மற்றத் துறைகளில் ஆற்றலை எங்கிருந்து சுழியம் என்று எண்ணத் தொடங்கினாலும் சமன்பாடுகள் மாறுவதில்லை. ஈர்ப்பு மட்டும் ஏன் அதைக் கவனிக்க வேண்டும் என்று அவர் கேட்டார். ஈர்ப்பின் சமன்பாடுகளையே, வெப்ப இயக்கவியல் போன்ற ஓர் அடிப்படையிலிருந்து, ஆற்றலோடு ஒரு மாறிலியைக் கூட்டினாலும் மாறாத வடிவில் பெற வேண்டும் என்பது அவர் வழி. மாற்று ஈர்ப்புக் கோட்பாடுகளில் எனக்கு மிகவும் மதிப்புள்ளவை இப்படிப்பட்டவைதான்; திரளின் ஒரு வரைபடத்தைப் பொருத்துவதற்காக அவை பிறக்கவில்லை, விதியின் உள்ளேயே இருக்கும் ஒரு முரணைத் தீர்க்கப் பிறந்தவை. வெற்றிடத்துக்கு எடை உண்டா என்பதை நேரடியாகச் சோதிக்கவும் ஒரு முயற்சி நடக்கிறது. இத்தாலியின் சார்டினியா தீவில், நில அதிர்வு மிகக் குறைந்த சோஸ் எனாட்டோஸ் சுரங்கப் பகுதியில், ஆர்க்கிமிடீஸ் என்ற பெயரில் மிக நுண்ணிய தராசு ஒன்றை அமைத்திருக்கிறார்கள். அடுக்கடுக்கான மீகடத்திப் பொருளின் (மிகக் குளிரில் மின்தடையின்றி மின்சாரத்தைக் கடத்துவது) வெப்பநிலையை மாற்றி, அதன் அடுக்குகளுக்கு இடையிலான காசிமிர் ஆற்றலைக் கூட்டிக் குறைத்து, எடை மாறுகிறதா என்று பார்ப்பது திட்டம்.

இறுதியாக, எங்கள் நைலான் நூலை எனக்கு நினைவூட்டும் ஒரு விவாதம். ஒன்றையொன்று வெகு தொலைவிலிருந்து சுற்றும் இரட்டை விண்மீன்களில் முடுக்கம் மில்க்ரோமின் எல்லைக்குக் கீழே போகிறது. விண்மீன்களின் இடத்தையும் நகர்வையும் அளந்த காயா விண்கலத்தின் தரவிலிருந்து, அங்கே ஈர்ப்பு கூடுகிறது என்று 2023-இல் ஓர் ஆய்வாளர் அறிவித்தார். அதே ஆண்டு அதே தரவிலிருந்து இன்னொரு குழு, நியூட்டனே சரி என்று உறுதியாகச் சொன்னது. சண்டையின் மையம், காணாத மூன்றாவது விண்மீன் எத்தனை இணைகளில் ஒளிந்திருக்கிறது என்பதில்தான். இரண்டில் ஒரு விண்மீனே உண்மையில் நெருக்கமான இணையாக இருந்தால், வேகம் கூடி, விதி மாறியதுபோலத் தோன்றிவிடும்.

இதைப் படித்துவிட்டு மட்டும் முடிவுக்கு வராதீர்கள், தம்பி. 175 விண்மீன் திரள்களின் சுழற்சி வேகங்கள் ஸ்பார்க் என்ற தொகுப்பில் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி இருக்கின்றன. வாயு மிகுந்த சிறு திரள் ஒன்றையும் பெரிய சுருள் திரள் ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் மில்க்ரோமின் விதியை ஒரு முறையும், இருண்ட பொருளின் கோள வடிவப் பரவலை ஒரு முறையும் பொருத்துங்கள். எந்த எண்ணை நீங்களே மாற்றிப் பொருத்த வேண்டியிருந்தது, எது தானே வந்தது என்று தனித்தனியே குறித்துவையுங்கள். திரளின் தொலைவிலும் சாய்வுக் கோணத்திலும் உள்ள பிழையை மறக்க வேண்டாம். அங்கே உங்கள் நூல் நீள்வது அவற்றால்தான். வரைபடங்கள் தயாரானதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏற்காட்டுக்கு எடுத்து வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.